காத்தாடிக்கு ஒரு பங்கு

காடாம்புலியூர்க்காரன் படகைப் பற்றி எழுதினால் நீங்கள் சிரிக்கலாம். சிரியுங்கள், பாதகமில்லை. எங்கள் பக்கத்தில் கிடைப்பது செம்மண், முந்திரி, பலா. வடக்கே பண்ருட்டி, தெற்கே நெய்வேலி. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ் பிடித்துப் பண்ருட்டி போய், அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலை வாசனையை முகர்ந்துகொண்டே கடலூர் போய்ச் சேர வேண்டும். எங்கள் ஊரில் தண்ணீரில் மிதக்கும் பெரிய வஸ்து, மழைக்காலத்து ஏரியில் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருக்கும் எருமைதான்.

ஆனாலும் எங்களுக்கும் படகுக்கும் சம்பந்தம் உண்டு. ஒன்றல்ல, இரண்டு.

முதலாவது, முந்திரிக் கொட்டை. உடைக்கும்போது ஓட்டிலிருந்து ஒரு கறுப்பு எண்ணெய் வரும். கையில் பட்டால் தோல் வெந்து உரியும். என் அம்மா கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு இருபது வருஷம் கொட்டை உடைத்தவர். அந்த எண்ணெயை அந்தக் காலத்தில் மரப் படகுக்கும் வலைக்கும் பூசினார்கள், உளுத்துப்போகாமல் இருக்க. இன்றைக்குக் கப்பலுக்கு அடிக்கும் பெயின்ட்டைக் கெட்டிப்படுத்தும் ரசாயனங்களில் ஒரு வகை, அந்த எண்ணெயிலிருந்துதான் தயாராகிறது. எங்கோ ஒரு சமுத்திரத்தில் போகும் கப்பலின் அடிவயிற்றில் எங்கள் ஊர்ப் பெண்களின் கைரேகை இருக்கலாம்.

இரண்டாவது, தண்ணீர். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்குக் கீழே நிலத்தடி நீர் முட்டிக்கொண்டு நிற்கிறது. அதை ராப்பகலாக இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத்தில் வேலை நடக்கும். அப்படி இறைக்கும் தண்ணீரில் ஒரு பகுதி பரவனாற்று வழியாகக் கிழக்கே போகிறது. பரவனாறும் கெடிலமும் சேர்ந்து கடலில் விழும் இடம்தான் கடலூர் துறைமுகம். அந்த முகத்துவாரத்தில்தான் என் நண்பனின் காத்தாடி கிடக்கிறது. மேலே அரை ஆள் மண் மூடியிருக்கும்.

காத்தாடி என்றதும் பட்டம் விடுகிறவன் என்று நினைக்காதீர்கள். படகின் பின்னால் தண்ணீருக்குள் சுற்றுகிறதே, புரொப்பெல்லர், அதைச் சொல்கிறேன்.

*

நண்பன் என்றேன். பெயர் வேண்டாம். அவன் சம்சாரம் இந்தப் பத்திரிகையை அட்டை முதல் அட்டை வரை படிக்கிறவர்.

இருவரும் கடலூரில் ஒரே பெஞ்சில் பி.காம். படித்தோம். நான் முந்திரிக் காட்டுப் பையன், அவன் கடலோரத்துப் பையன். டிஃபன் பாக்ஸில் என்னிடம் பலாக்கொட்டைக் குழம்பு, அவனிடம் நெத்திலி வறுவல். இந்தப் பண்டமாற்று முறையில்தான் எங்கள் நட்பு வளர்ந்தது. 2011-ல் டிகிரி முடித்தோம். அதே வருஷம் டிசம்பர் 30-ம் தேதி விடிகாலை தானே புயல் வந்தது. எங்கள் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. அவர்கள் குப்பத்தில் அவன் அப்பாவின் ஃபைபர் படகு இரண்டாகப் பிளந்தது. எங்கள் இருவர் வீட்டு ஆஸ்தியையும் ஒரே ராத்திரியில் ஒரே புயல் ஸ்வாகா செய்தது.

அந்த ஃபைபர் படகுக்கு ஒரு கதை உண்டு. 2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்ததே, அதற்கு முன் அவன் அப்பா கட்டுமரம் ஓட்டியவர். (உலகம் முழுக்க 'கேட்டமரான்' என்று கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு திரியும் வார்த்தை நம் கட்டுமரம்தான்.) கட்டுமரத்தில் கெட்டுப்போவதற்கு ஒன்றுமே கிடையாது. நாலு மரம், கயிறு, துடுப்பு. சுனாமிக்குப் பிறகு தொண்டு நிறுவனங்கள் கடலோரம் முழுக்க ஃபைபர் படகும் எஞ்சினும் கொடுத்தன. நேற்றுவரை கயிறு கட்டிய மனிதர்கள் ஒரே வருஷத்தில் எஞ்சின் முதலாளிகள் ஆனார்கள்.

"தம்பி, சாவியைக் குடுத்தாங்க. போட்டோ புடிச்சாங்க. கை தட்டுனாங்க. கிரீஸ் எங்க வைக்கணும்னு கேட்டேன். அதுக்குள்ள வேன் கெளம்பிடுச்சி" என்று அப்பா இப்போதும் சொல்வார். என் அப்பா இல்லை, அவன் அப்பா. ஆனால் நானும் அப்பா என்றுதான் கூப்பிடுவேன்.

படகு போனபின் அவர் அடுத்தவர் படகில் பங்காளாகப் போனார். நண்பன் சென்னைக்குப் போய் ஒரு கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் பிரிவில் பத்து வருஷம் வவுச்சர் ஒட்டினான். பிறகு ஒருநாள் போன்.

"மாப்ளே, ஏ.சி. ரூம்ல ஒக்காந்து அடுத்தவன் கணக்க எழுதி எழுதிக் கை வலிக்குது. அப்பாவுக்கும் வயசாவுது. போட் வாங்கப் போறேன்டா!"

வாங்கிவிட்டான். செகண்ட் ஹேண்ட் ஃபைபர் படகு. புது எஞ்சின். சம்சாரத்தின் ஐந்து பவுன் பேங்க்கில். எஞ்சினுக்கு மாலை போட்டு, சூடம் காட்டி, எலுமிச்சம்பழம் நசுக்கினார்கள். காத்தாடிக்கும் ஒரு பொட்டு வைத்தார்கள். அதற்குப் பிறகு அதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை!

*

இப்போது கொஞ்சம் பாடம். பயப்படாதீர்கள், ஒரு பக்கம்தான்.

பலாப் பலகையில் ஒரு ஸ்க்ரூவை வைத்துத் திருகுகிறீர்கள். ஒரு சுற்று சுற்றினால் ஸ்க்ரூ ஒரு மரை தூரம் உள்ளே போகிறது. காத்தாடியும் இதே ஜாதி. பலகைக்குப் பதில் தண்ணீர், அவ்வளவுதான். காத்தாடியின் கழுத்தில் இரண்டு எண் பொறித்திருக்கும். முதல் எண் அதன் குறுக்களவு. இரண்டாவது எண், ஒரு முழுச் சுற்றுக்கு அது எத்தனை அங்குலம் முன்னே போக வேண்டும் என்பது. இதற்குப் பிட்ச் என்று பெயர். தண்ணீர் பலகை மாதிரி கெட்டி இல்லை, வழுக்கும். ஆகவே 13 அங்குலம் போக வேண்டியது நிஜத்தில் அதற்குக் கீழேதான் போகும். சம்பளத்தில் பிடித்தம் மாதிரி.

இந்தத் திருகாணி யோசனையைக் கப்பலில் நிலைநாட்டியவர்களில் ஒருவர் பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித் என்ற இங்கிலாந்து விவசாயி. (கவனிக்கவும், விவசாயி! காடாம்புலியூர்க்காரன் படகைப் பற்றி எழுதக் கூடாதா என்ன?) 1836-ல் காப்புரிமை வாங்கினார். நீளமான இரண்டு சுற்று மரத் திருகாணி ஒன்றை மாட்டி 1837-ல் கால்வாயில் ஓட்டிப் பார்த்தபோது, எதிலோ மோதிப் பாதித் திருகாணி உடைந்தது. மனுஷன் தலையில் கை வைத்திருப்பார். படகோ முன்னைவிட வேகமாக ஓடியது! காத்தாடி குட்டையாக இருந்தால் போதும் என்று உலகம் அப்படித்தான் கற்றுக்கொண்டது.

அப்போதும் பிரிட்டிஷ் கடற்படைக்கு முழு நம்பிக்கை வரவில்லை. பக்கவாட்டில் பெரிய சக்கரம் சுற்றும் கப்பல்தான் உசத்தி என்று ஒரு கோஷ்டி. 1845-ல் ராட்லர் என்ற காத்தாடிக் கப்பலையும் அலெக்டோ என்ற சக்கரக் கப்பலையும் முதுகோடு முதுகு கட்டி நம்மூர் கயிறு இழுக்கும் போட்டி மாதிரி இழுக்க விட்டார்கள். முழு வேகத்தில் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்த அலெக்டோவை ராட்லர் பின்பக்கமாகவே தரதரவென்று இழுத்துக்கொண்டு போனது. வழக்கு தள்ளுபடி.

ஆனால் ஒன்று. உடைந்ததும் வேகமாக ஓடிய காத்தாடி சரித்திரத்தில் அந்த ஒன்றுதான் இருக்கும். நம்முடையது உடைந்தால் செலவுதான் வேகமாக ஓடும்.

*

கடலூர் ஃபைபர் படகில் பொதுவாக இருப்பது நீள வால் எஞ்சின். ஒற்றை சிலிண்டர் டீசல் எஞ்சின், காற்றிலேயே குளிரும் ரகம், படகின் பின்பக்கம் ஒரு முளையில் உட்கார்ந்திருக்கும். அதிலிருந்து ஒரு நீளக் குழாய், அதற்குள் தண்டு, தண்டின் முனையில் காத்தாடி. கைப்பிடியை அழுத்தினால் வால் மேலே எழும்பும், விட்டால் தண்ணீருக்குள் இறங்கும். ஆழம் குறைந்த இடத்தில் வாலைத் தூக்கிக்கொண்டே வர வேண்டும். நம் கடற்கரைக்கு அது ஒரு வரப்பிரசாதம்.

ஏனென்றால் சோழமண்டலக் கரையில் காத்தாடிக்கு முதல் எதிரி மணல். ஆறு கொண்டுவந்து கொட்டும், அலை திருப்பித் தள்ளும். முகத்துவாரத்தில் நேற்று இருந்த வழி இன்று இருக்காது. போன வாரம் ஆழமாக இருந்த இடத்தில் இந்த வாரம் கொக்கு நிற்கும்.

ஆவணி மாதம் ஒருநாள், தண்ணீர் வற்றும் நேரத்தில், நண்பனின் படகு உள்ளே வந்தது. வாலைத் தூக்குவதற்குள் 'டொக்' என்று ஒரு சத்தம். கல்லோ, புதைந்து கிடந்த கட்டையோ. கரைக்கு வந்து பார்த்தால் மூன்று இறக்கையில் ஒன்று, நுனியில் விரல் நகம் அளவுக்கு மடங்கியிருந்தது. மெக்கானிக் அண்ணன் பார்த்தார். "கழட்டிக் குடு தம்பி. நிமித்தி, ராவி, பேலன்ஸ் பாத்துத் தரேன். அறுநூறு ரூவா. ஒருநாள் ஆவும்."

ஒருநாள்! அங்கேதான் விஷயம். மீன் படும் சீசன். நகைக்கு வட்டி கட்டும் தேதி நெருங்குகிறது. ஒருநாள் தொழிலுக்குப் போகாவிட்டால் மூன்று வீட்டில் அடுப்பு யோசிக்கும். "ஓடுதுல்ல? ஓடட்டும்" என்று விட்டான். அந்த இடத்தில் நீங்கள் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பீர்கள். ஆபீஸ் போகிற அவசரத்தில் டூவீலர் செயின் கடகடவென்று கத்தும்போது நாம் என்ன செய்கிறோம்? பாட்டு வால்யூமைக் கூட்டுகிறோம்.

நகம் அளவு மடங்கினால் என்ன பெரிய குடி முழுகும்? கணக்குப் போட்டுப் பார்ப்போம், அதற்குத்தானே பி.காம். மூன்று இறக்கையும் ஒரே மாதிரி தண்ணீரைத் தள்ளும்வரை தண்டு நேராகச் சுற்றும். ஒன்று குறைத்துத் தள்ளினால், ஒவ்வொரு சுற்றிலும் தண்டுக்குப் பக்கவாட்டில் ஒரு குத்து. நிமிஷத்துக்கு 2,000 சுற்று என்று வைத்துக்கொண்டால் ஒரு மணி நேரத்தில் 1,20,000 குத்து. குத்து முதலில் தண்டின் முனையில் உள்ள புஷ்ஷைத் தேய்க்கும். புஷ் தேய்ந்தால் தண்டு ஆடும். தண்டு ஆடினால் ஆயில் சீல் கிழியும். சீல் கிழிந்தால் கிரீஸ் வெளியே, உப்புத் தண்ணீர் உள்ளே. பிறகு துரு. துரு பிடித்த தண்டு ஆடிக்கொண்டே சுற்றினால் எத்தனை நாளைக்கு?

ஆறு வாரம் தாங்கியது.

ஐப்பசி. வாடைக் காற்று தொடங்கியிருந்தது. விடிந்தும் விடியாத நேரத்தில் நண்பன், அப்பா, பக்கத்து வீட்டுப் பையன், மூவரும் மீனோடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். முகத்துவாரத்தில் அலை உடைந்துகொண்டிருந்தது. அந்த இடத்தில் ஒரு சட்டம் உண்டு: படகின் முதுகு அலைக்கு நேராக இருக்க வேண்டும், எஞ்சின் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். தள்ளுவது நின்றால் அலை படகைப் பக்கவாட்டில் திருப்பும். பக்கவாட்டில் திரும்பிய படகை அடுத்த அலை உருட்டும்.

சரியாக அங்கே தண்டு முறிந்தது. பாரம் போன எஞ்சின் 'வீல்' என்று அலறியது. படகு நின்றது, திரும்பியது, உருண்டது. யோசிக்க நேரமே இல்லை என்றான்.

மூன்று பேரும் நீந்தத் தெரிந்தவர்கள். பின்னால் வந்த படகுக்காரர்கள் தூக்கிவிட்டார்கள். ஆனால் கவிழ்ந்த படகு அப்பாவின் இடது தோளில் இடித்துவிட்டது. எலும்பு முறிவு. காலை ஏழு மணிக்கு எனக்குப் போன் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனேன். அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "வலை போச்சி தம்பி" என்றார். தோளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அறுநூறு ரூபாயில் முடிந்திருக்க வேண்டியது. தண்டு, புஷ், சீல், புதுக் காத்தாடி, உப்புத் தண்ணீர் குடித்த எஞ்சினைப் பிரித்துக் கோத்தது எல்லாமாகச் சேர்ந்து 38,000 ரூபாய் ஆயிற்று. வலை தனி. இரண்டு மாதம் தொழில் இல்லாதது தனி. அப்பாவின் தோளுக்கு எந்தத் தலைப்பில் பற்று எழுதுவது என்று எந்த வாத்தியாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை.

*

அடுத்த தடைக்காலத்தில் மெக்கானிக் அண்ணனிடம் போனோம். நம் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. மீன் குஞ்சு பொரிக்கும், மெக்கானிக்குகள் லாபம் பொரிப்பார்கள். படகுகள் எல்லாம் கரையேறி நிற்க, அவற்றின் வெண்கலக் காத்தாடிகள் ஆட்டுக்கல் பருமனுக்கு வெயிலில் மினுமினுக்கும்.

நடுவில் ஒரு மாப்பிள்ளை. வெள்ளைப் படகு, சிவப்புக் கோடு, குஷன் சீட். யாரோ ஒரு ரிசார்ட்காரருடைய ஸ்பீட் போட்டாம். பின்பக்கம் யானைத் தும்பிக்கை மாதிரி ஒன்று தொங்கியது.

"இது என்னண்ணே?"

"ஸ்டெர்ன் டிரைவ். எஞ்சின் கார்ல மாதிரி உள்ள இருக்கும். காலு மட்டும் வெளிய. பணக்கார வியாதி, தம்பி!"

விஷயம் சுவாரசியமானது. ஜிம் வின் என்ற அமெரிக்கரின் யோசனை. ஸ்வீடனின் வால்வோ பென்டா கம்பெனி 1959-ல் 'அக்வாமேட்டிக்' என்ற பெயரில் கொண்டுவந்தது. எஞ்சினின் சுழற்சி படகின் முதுகைத் துளைத்து வெளியே வந்து, பல்சக்கரத்தில் கீழே திரும்பி, மறுபடி பல்சக்கரத்தில் பின்னால் திரும்பிக் காத்தாடியைச் சுற்றும். கால் முழுவதும் மேலே மடங்கும். எதிலாவது இடித்தாலும் தூக்கிக்கொள்ளும். சுக்கானும் தனியாக வேண்டாம், காலையே திருப்பினால் படகு திரும்பும்.

தூக்கிக்கொள்ளும் காத்தாடி என்ற யோசனைக்கு நம்மூரிலும் ஒரு சரித்திரம் இருக்கிறது. ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனம் 1979-ல் வங்காள விரிகுடாத் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கியது. தலைமையகம் சென்னை. துறைமுகமே இல்லாத கரைகளில் அலைக்கு நடுவே ஏறி இறங்கும் படகுகளை அதில் வடிவமைத்தார்கள். அந்தப் படகுகளுக்காக ஓர் ஏற்பாடு செய்தார்கள்: எஞ்சின், தண்டு, காத்தாடி மூன்றும் ஒரே தொகுதியாகச் சாயும். மணல் வந்தால் காத்தாடி மேலே ஏறிக்கொள்ளும். 'பாப் டிரைவ்' என்று அதற்குப் பெயர். ஸ்வீடன்காரர் உல்லாசத்துக்குச் செய்ததை நம் கரையில் வயிற்றுக்காகச் செய்தார்கள்.

அந்த ஸ்பீட் போட்டின் முதலாளியும் புதுசு. வாங்கி ஒரு வருஷம் ஓட்டியிருக்கிறார், ஒன்றும் செய்யவில்லை. மெக்கானிக் அண்ணன் பிரித்துக்கொண்டே பாடம் நடத்தினார்.

முதலில் அடியில் இருந்த திருகைக் கழற்றினார். கியர் ஆயில் வழிந்தது. பால் டீ கலரில்! "நல்ல ஆயில் இந்தக் கலர்ல இருக்காது. தண்ணி கலந்தாத்தான் பாலாவும்."

தண்ணீர் எப்படிப் போயிற்று? காத்தாடியைக் கழற்றினார். தண்டில் நரம்பு, அதாவது நைலான் தூண்டில் நூல், மோதிரம் மாதிரி இறுகச் சுற்றியிருந்தது. சுற்றும் வேகத்தில் சூடாகி, ஆயில் சீலை அறுத்துவிட்டது. மயிரிழைதான், ஒரு கியர் பாக்ஸையே தின்றுவிட்டது. கிழிந்த வலையும் நைலான் கயிறும் கடலில் வீசுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அது அடுத்தவன் காத்தாடியைத் தேடித்தான் போகிறது.

அடுத்து, படகுக்கும் காலுக்கும் நடுவில் ஹார்மோனியத் துருத்தி மாதிரி ஒரு ரப்பர். மடிப்பில் ஒட்டுச் சிப்பிகள் குடியேறி, கால் மடங்கும்போதெல்லாம் ரப்பரைக் கீறியிருந்தன. இது கிழிந்தால் தண்ணீர் உள்ளே புகுந்து பேரிங் போகும். கவனிக்காவிட்டால் கட்டிய இடத்திலேயே படகு மூழ்கும். ஓடும்போதுகூட இல்லை, ஓனர் வீட்டில் தூங்கும்போது!

"அந்தத் துத்தநாகம் எங்க?" என்று தேடினார். திருகு மட்டும் இருந்தது. உப்புத் தண்ணீரில் அலுமினியமும் ஸ்டீலும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஒன்று மற்றொன்றை அரிக்கும். அதைத் தடுக்க ஒரு துத்தநாகக் கட்டியைத் திருகி வைப்பார்கள். எல்லா அரிப்பையும் அது தன் மேல் வாங்கிக்கொண்டு கரையும். குடும்பத்துக்கு மூத்த பிள்ளை மாதிரி. பாதி கரைந்ததும் மாற்ற வேண்டும். அதன் மேல் அழகுக்குப் பெயின்ட் அடித்துவிட்டால் வேலை செய்யாது. மூத்த பிள்ளை முழுசாகக் கரைந்துபோனால் அடுத்து இளையவர்களுக்கு ஆரம்பமாகும்.

"ஸ்டீல் காத்தாடி போட்டா ஒடையாதுல்லண்ணே?" என்று நண்பன் கேட்டான்.

அண்ணன் ஸ்பானரைக் கீழே வைத்தார். "உங்க வீட்டுல ஃபியூஸ் அடிக்கடி போவுதுன்னு மொத்தமா செம்புக் கம்பி சுத்தி வெச்சா என்ன ஆவும்?"

"ஃபியூஸ் போவாது. டி.வி. போயிடும்."

"அதேதான்! அலுமினியக் காத்தாடி இடிச்சா அது ஒடையும், கியர் தப்பிக்கும். ஸ்டீலு ஒடையாது. இடியை அப்படியே உள்ள அனுப்பும். மண்ணும் கல்லும் இருக்குற எடத்துல கொஞ்சம் மெலிஞ்சதா இருக்கறதே நல்லது."

அதற்காகவே பல காத்தாடிகளின் நடுவில் ரப்பர் புஷ் வைக்கிறார்கள். பலமாக இடித்தால் ரப்பர் வழுக்கிக்கொடுக்கும். சின்ன அவுட்போர்டுகளில் ஒரு மெல்லிய பின், முறிவதற்கென்றே. எஞ்சின் அலறியும் படகு நகராவிட்டால் முதல் சந்தேகம் இந்த இரண்டின் மேல்தான்.

இன்னொரு நோய், காத்தாடி இறக்கையில் அம்மைத் தழும்பு மாதிரி குழி விழுவது. இறக்கை ரொம்ப வேகமாகச் சுற்றினாலோ அதன் விளிம்பு நசுங்கியிருந்தாலோ, பின்னால் அழுத்தம் குறைந்து தண்ணீர் சூடாகாமலே கொதித்துக் குமிழி விடும். அந்தக் குமிழி வெடித்து அடங்கும்போது உலோகத்தையே துளி துளியாகப் பெயர்த்துவிடும். காற்று என்றால் லேசு என்று நினைக்கிறோம். போர்வெல் மோட்டார் ஏர் பிடித்தால் படும் பாடு எங்கள் ஊர் விவசாயிக்குத் தெரியும். படகிலும் காத்தாடி மேலாக இருந்தால் அப்படித்தான் காற்றைக் குடித்துவிட்டு வெறுமனே சுற்றும்.

*

படகு வாங்கப் போகிறவர்களுக்கு அண்ணன் சொன்னதைச் சுருக்கித் தருகிறேன். படகு வாங்காதவர்கள் அலமாரியில் வைத்துக்கொள்ளலாம். ஆபீஸில் யாராவது லாட்டரி மாதிரி ஒரு படகு வாங்கிவிட்டால் உதவும்.

தினமும் கரைக்கு வந்ததும் காத்தாடியைக் கையால் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். அதற்கு முன் எஞ்சினை நிறுத்தி, சாவியைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். விரல் பத்துதான், ஸ்பேர் கிடைக்காது. புதுசாக ஒரு நடுக்கம் வந்தால், அன்றைக்கே கழற்றுங்கள். ஓரத்தில் சின்னப் பல் விழுந்திருந்தால் அரத்தால் ராவலாம். மடங்கியிருந்தால் பட்டறைக்கு.

மாதம் ஒரு தரம் காத்தாடியை முழுசாகக் கழற்றி, பின்னால் நரம்பு சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். திரும்ப மாட்டும்போது தண்டில் கிரீஸ் தடவுங்கள். இல்லாவிட்டால் அடுத்த தடவை கழற்றுவதற்குச் சம்மட்டி வேண்டும். ஸ்டெர்ன் டிரைவ் என்றால் நட்டைத் திருகும்போது இறக்கைக்கும் மேல் தட்டுக்கும் நடுவில் ஒரு மரத்துண்டை முட்டுக்கொடுங்கள், கையை அல்ல. வளைத்து எடுத்த பின்னை மறுபடி போடாதீர்கள், புதுசு போடுங்கள். விலை டீ காசுதான்.

தண்ணீரில் குளிரும் எஞ்சினாக இருந்தால், கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீர் விட்டு உள்ளே கழுவுங்கள். அதன் பம்ப்புக்குள் ரப்பர் விசிறி இருக்கிறது, தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் கொஞ்ச நேரத்தில் கருகிவிடும். கியர் ஆயிலை வருஷத்துக்கு ஒரு தரம் அல்லது 100 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு தரம் மாற்றுங்கள். துருத்தியை ஒவ்வொரு மடிப்பாக விரித்துப் பாருங்கள். நீள வால் என்றால் குழாய்க்கு கிரீஸ், தண்டில் ஆட்டம் இருக்கிறதா என்று ஒரு பிடி.

படகில் எப்போதும் ஒரு ஸ்பேர் காத்தாடி, நட்டு, பின், ஸ்பானர். நடுக்கடலில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை கிடையாது.

*

இவ்வளவும் என் நண்பனுக்குத் தெரியாததல்ல, பாதியாவது தெரியும். தெரிந்தும் ஏன் தள்ளிப்போட்டான்? இதைத்தான் நான் திரும்பி வரும் பஸ்ஸில் யோசித்தேன்.

கடலோரத்தில் வருமானத்தைப் பங்கு பிரிப்பது அழகான வழக்கம். மீன் ஏலம் போன பணத்தில் டீசல், ஐஸ் செலவைக் கழித்துவிட்டு, மீதியைப் பங்கு போடுவார்கள். ஆளுக்கு ஒரு பங்கு. படகுக்கும் எஞ்சினுக்கும் என்று பங்கு உண்டு. அந்தப் பங்கை ஓனர் வாங்கிக்கொள்வார்.

என்ன கொடுமை பாருங்கள். படகின் பங்கு என்று பெயர், ஆனால் படகுக்கு வாய் இல்லை. ஓனர் அதை லாபம் என்று நினைத்து வீட்டுக்குக் கொண்டுபோய்விடுகிறார். அது லாபமே இல்லை. காமர்ஸில் தேய்மானம் என்று ஒரு பாடம் வருமே, நூறு மார்க்குக்கு எழுதி மறந்தோமே, அதுதான் அது. நானும் அவனும் பத்து வருஷம் கம்பெனி கம்பெனியாகத் தேய்மானம் எழுதியிருக்கிறோம், பேப்பரில். நிஜத்தில் தேய்மானம் என்பது தண்டின் முனையில் ஒரு புஷ் ராத்திரியில் சத்தமில்லாமல் மெலிவது.

அதனால் ஒரு ஏற்பாடு செய்தோம். ஒரு பழைய பிஸ்கட் டின். மூடியில் துளை. மேலே 'காத்தாடி பங்கு' என்று அவன் மகள் ஸ்கெட்ச் பேனாவால் எழுதிக்கொடுத்தாள். தொழிலுக்குப் போய் வரும் ஒவ்வொரு நாளும் படகுப் பங்கில் பத்தில் ஒன்று அதற்குள். மீன் கிடைக்காத நாளில் பத்து ரூபாயாவது போட வேண்டும். டின்னுக்கு ஒரு நோட்டு. நோட்டுக்கு ஆடிட்டர், சாட்சாத் அடியேன். மாதம் ஒரு தரம் போய்க் கணக்குப் பார்க்கிறேன். ஃபீஸ், ஒரு தட்டு நெத்திலி வறுவல்.

அப்பாவுக்குத் தோள் கூடிவிட்டது, ஆனால் கை தலைக்கு மேல் எழும்பாது. கடலுக்குப் போவதில்லை. இப்போது அவருக்குக் கரையில் ஒரு உத்தியோகம். படகு வந்ததும் வால் பக்கம் உட்கார்ந்து காத்தாடியை வலது கையால் சுற்றி, காதைக் கொண்டுபோய்க் குழாயில் வைத்துக் கேட்பார். டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வைக்கிற மாதிரி. "சரியா இருக்கு" என்று அவர் சொன்னால்தான் மறுநாள் டீசல். இதுவரை இரண்டு தடவை "கழட்டு" என்று சொல்லியிருக்கிறார். இரண்டு தடவையும் டின் பணம் போதுமானதாக இருந்தது.

போன மாதம் ஆடிட்டுக்குப் போனபோது நோட்டில் ஒரு புது வரி: 'ரப்பர் சீல் – ரூ.120'. எந்த சீல் என்று கேட்டேன். நண்பன் திருதிருவென்று விழித்தான். அவன் சம்சாரம் அடுப்படியிலிருந்தே பதில் சொன்னார்.

"குக்கர் கேஸ்கட்ண்ணே! அதுவும் ரப்பர்தான், அதுவும் தேயுது. அது போனாலும் வீட்டுல மூணு பேருக்கு ஆபத்துதான்."

வவுச்சரை பாஸ் பண்ணிவிட்டேன்.